ஆள்காட்டி

மேல்விஷாரம் தோல் ஷாப்பில்
என் பொறுப்பில் இருந்த கொதிகலன்
முன்னொரு காலத்தில் கப்பலுக்குள் இருந்தது.
சொன்னால் சிரிப்பார்கள்.
தண்ணியில்லா ஆறு, சாமியில்லாக் கோயில்,
ராஜா இல்லாக் கோட்டை என்று
எங்கள் பக்கத்தைக் கேலி பேசுகிறவர்களுக்கு
கப்பலில்லாக் கப்பல் ஒன்றையும்
நான் எடுத்துக் கொடுப்பதுண்டு.

நெற்றியில் பித்தளைத் தகடு.
பெயர் தேய்ந்து ஒரு பறவை மட்டும் மிச்சம்.
"ஆள்காட்டி" என்றார் கணக்கர் மலங் அகமது,
"ஆத்து மணல்ல முட்டையிட்டுட்டு
யார் வந்தாலும் கத்துமே, அது."
எங்கள் ஊர் ஆள்காட்டிக்குக் கொண்டை கிடையாது.
போகட்டும்.

கூடவே ஒரு நோட்டு வந்திருந்தது.
இங்கிலீஷ் தெரியாது எனக்கு, எண் தெரியும்.
மணிக்கு மணி அழுத்தம்.
பதினாறாம் வருஷம் ஏப்ரல் தொட்டு அக்டோபர் வரை
ஒருநாள்கூட நெருப்பை அணைக்கவில்லை.
அரபுக் கரைக்கு எதிரே
ஆறு மைல் போய், திரும்பி, ஆறு மைல் வந்து
செக்குமாட்டு உத்தியோகம்.
பீரங்கி நான்கு இருந்ததாம்.
சுட்டதா என்று கொதிகலன் சொல்லாது.
நாற்பது ராத்தலில் தூங்கிக்கொண்டிருந்த முள்
நடுநிசியில் நூற்றைம்பதுக்குத் தாவியிருக்கும்:
எங்கோ ஒரு பாய்மரம்
விளக்கணைத்து நழுவப் பார்த்திருக்கிறது.
விடியலில் மறுபடி நாற்பது.
பிடித்துவிட்டார்கள்.
பேரீச்சையா, சோளமா, ஆட்டுத்தோலா,
நானாக ஏற்றிக்கொள்வேன் சரக்கை.
கரையில் யார் பானையோடு காத்திருந்தார்கள்
என்று எழுத அந்த நோட்டில் கட்டம் இல்லை.

சண்டை ஓய்ந்ததும் பம்பாயில் உடைத்து ஏலம்.
காட்பாடி வரை ரயில்.
அப்புறம் பதினெட்டு ஜோடி மாடு.
பாலாற்று மணலில் அச்சு புதைந்து
ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்ததாம்,
அது கடைசியாகக் கடந்த நீர்நிலை.

நான் வந்து சேர்ந்தபோது
வருஷா வருஷம் இன்ஸ்பெக்டர் ஞானாதிக்கம்
தட்டிப் பார்த்து, காது வைத்துக் கேட்டு,
ஐந்து ராத்தல் குறைத்துவிட்டுப் போவார்.
கிழவனுக்குச் சோறு குறைக்கிற மாதிரி.
விசில் மட்டும் கப்பலுடையதே.
ஷிப்டுக்கு இழுத்தால் ஆற்காடு வரை கேட்கும்.

ஒருமுறை
எப்போதோ அடைத்துவிட்ட குழாயை உருவினேன்.
உளிக்கு அசையாத வெள்ளைப் படலம்.
நல்ல தண்ணீர் தீர்ந்த மாதங்களில்
கடலையே புகட்டியிருக்கிறார்கள்.
ஒரு சில்லை நாக்கில் வைத்தேன்.
உப்பு என்று சொல்லிவிட முடியாது,
உப்பைத் தாண்டி ஒரு கசப்பு, இரும்பு.

போன பங்குனியில்
ஆற்றோரத்து ஊர்ச்சனம் கேட்டை மறித்தது.
தோல் உள்ளே வரவில்லை, வெளியே போகவில்லை.
ஒன்பது நாள்.
முற்றுகை என்று பேப்பரில் போட்டான்.
கன்னியம்மாள் என்கிறவள்
பிளாஸ்டிக் குடத்தோடு என் எதிரில் வந்தாள்.
"நெருப்பு போடறவன் நீதானே?
எங்க கெணத்துத் தண்ணி. குடி."
குடித்தேன்.
பழைய குழாயின் சில்லு
நாக்குக்குத் திரும்பி வந்தது.
அவள் என் முகத்தையே பார்த்தாள்.
நான் குடத்தைப் பார்த்தேன்.

பத்தாம் ராத்திரி முதலாளி ஆள் அனுப்பினார்:
"பின்வாசலாலே ரெண்டு லாரி வருது,
லைட் போடாமே.
ஸ்டீமை விட்டுடாதே ஜலகண்டா."

முன்கேட்டில் சனம் அயர்ந்து தூங்கியது.
புளியமரத்து இருட்டில்
டயர் மணலை அரைக்கிற சத்தம்.
முள்ளைப் பார்த்தேன். நாற்பது.
அது போதும் அந்த விசிலுக்கு.

சும்மா இல்லை, மூன்று நிமிஷம் கத்தியது.
ஆற்றுக்கு அக்கரையிலும்
விளக்கு ஏறியதாகச் சொன்னார்கள்.

விசாரணையில்,
கயிற்றில் தெரியாமல் கை பட்டுவிட்டது
என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.