என்னைப் பற்றி இரண்டு வரி

ஆசிரியர் ஞானரூபன் தகவல் அனுப்பியிருந்தார்:
விமர்சனம் கிடைத்தது. அடியில் போட
உங்களைப் பற்றி இரண்டு வரி தாருங்கோ.
படித்தது, பார்க்கும் வேலை. அவ்வளவும் காணும்.

மல்லாவிச் சந்தியில்
வராத பஸ்ஸுக்குக் காத்திருந்தபடி
ரசீதின் முதுகில் எழுதத் தொடங்கினேன்.

படித்தது: உயிரியல்.
தவளையின் இதயத்தை வெளியே எடுத்த பிறகும்
அது கொஞ்ச நேரம் அடித்தது.
எவ்வளவு நேரம் என்று பார்த்துக்கொண்டிருந்ததில்
படம் கீறி முடிக்கவில்லை.
இரண்டு பாடம் சித்தி. இரசாயனம் இல்லை.

வெட்டிவிட்டேன்.

படித்தது: விவசாயம், வவுனியாவில், ஒன்றரைத் தவணை.
லீவுக்கு வந்த கிழமை பாதையைப் பூட்டினார்கள்.
ஓமந்தைக்கு அந்தப் பக்கம் என் கொப்பிகள்,
இந்தப் பக்கம் நான்.
நெல்லுக்கு வரும் நோய்களில்
முதல் ஏழு மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு மூன்று வருடம்.
ஆசிரியரே, அதற்கு வரி கேட்காதேயுங்கோ.

பிறகு
பின்னலைச் சுருட்டித் தலைக்கவசத்துக்குள் செருகி
மாங்குளத்துக்குக் கிழக்கே
ஒரு மீற்றர் அகலத்தில் முழந்தாளிட்டிருந்தேன்.
கருவி கத்தும். கத்தியவை அநேகமாக
ஆணி, மீன்ரின் மூடி, வெற்றுக் கோது.
ஆனாலும் ஒவ்வொன்றையும்
அதுவாக இருக்கலாம் என்றே தோண்ட வேண்டும்.
விமர்சனம் எங்கே படித்தீர்கள் என்று
யாராவது கேட்டால்
இதைத்தான் சொல்வேன். யாரும் கேட்டதில்லை.

ஒரு நாள் கத்தியது வீடியோக் கசற்.
முதிரை வேர் நாடாவை இழுத்துச் சுற்றியிருந்தது,
பெயரைக் கறையான் தின்றிருந்தது.
என்ன படமடி என்று
அடுத்த பாதையிலிருந்து சுகிர்தா கத்தினாள்.
பதிவேட்டில் படத்துக்குக் கட்டம் இல்லை.
உலோகம்: திருகாணி, ஐந்து.
ஆபத்து: இல்லை.
அந்த இல்லையில் எனக்கு இன்னும் சந்தேகம்.

எங்கள் ஊரில் படம் பார்க்க
ஆளுக்கு அரைப்போத்தல் மண்ணெண்ணெய்
கொண்டு போன காலம் ஒன்றிருந்தது.
ஜெனரேற்றர் குடித்துத் தீர்த்ததும்
கதாநாயகன் கையை ஓங்கியபடி ஒரு புள்ளியாகி
மறைவான்.
இருட்டில் நடந்து வரும்போது
ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முடிவு சொல்லும்.
என்னுடைய முடிவுகளில் எல்லாரும் செத்தார்கள்,
வில்லனைத் தவிர.
உன்னோடு வரமாட்டோம் என்றார்கள்.

வேலை: லீசிங் கொம்பனி, அறவிடும் பிரிவு.
ஒட்டுசுட்டானில் நாலு மாதத் தவணை நிலுவை,
மோட்டார்சைக்கிளைத் தூக்கப் போனேன்.
வீட்டில் ரீவி ஓடிக்கொண்டிருந்தது.
இருங்கோ, முடியப்போகுது என்றார் பத்மசீலன்.
இருந்தேன்.
திரையில் ஒருவன் வீட்டை ஈடு வைத்துவிட்டு
மழையில் நின்று அழுதான், நல்ல வெளிச்சத்தில்.
பத்மசீலன் அழவில்லை.
திறப்பை மேசையில் வைத்துவிட்டு
பிளேன்ரீக்குச் சீனி போடவா என்று கேட்டார்.

(சின்ன வயதில் பாதியில் நின்ற அதே படமா
என்று கேட்பீர்கள். இல்லை.
அப்படி நடக்க இது சினிமாவா?)

திறப்பை எடுக்காமல் வந்தேன். வேலை போனது.
அன்றிரவு, கொடுக்காத பறிமுதல் அறிவித்தலின் பின்பக்கம்
அழுதவனைப் பற்றி நாலு பந்தி,
அழாதவரைப் பற்றி ஒரு வரி.
அதைத்தான் நீங்கள் முதலில் போட்டீர்கள்.
அந்த ஒரு வரியை வெட்டிவிட்டு.

பஸ் வந்தது. ரசீதும் முடிந்தது.
ஒன்றும் அனுப்பவில்லை.

ஞாயிறு பேப்பரில் இருந்தது:
கட்டுரையாளர் கிளிநொச்சியைச் சேர்ந்த
சினிமா ஆர்வலர்.
மாவட்டமும் பிழை.

இப்போது வவுனியாவில், ஓரத்து இருக்கை.
விளக்கு அணைந்ததும்
நான் முதலில் பார்ப்பது நிலத்தைத்தான்.
கால் வைக்கும் இடம், பைக்குக் கீழே, முன்வரிசை வரை.
தலை நிமிர்த்தும்போது
பெயர்கள் ஓடி முடிந்திருக்கும்.
என் விமர்சனங்களில்
ஒளிப்பதிவாளரின் பெயர் ஏன் இல்லை என்று
போன மாதமும் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்.