தகவல் தந்தவர்

பியூட் நகரம். நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில்
என் ஜன்னல்.
பெயர் கேட்பேன், இறந்த ஆண்டு கேட்பேன்.
ஆண்டு தெரியாதென்றால்
பத்தாண்டு புரட்டக் கூடுதல் கட்டணம்.
ஆள் கிடைக்காவிட்டாலும் பணம் திரும்பாது.

பனியை உதறிவிட்டு வந்தாள் ஐலா ரவுத்தியோ.
செம்புச் சுரங்கத்துக்கு வந்த பெரியப்பா;
கடிதம் நின்றுபோன வருஷம்தான் தெரியுமாம்.

ரவுத்தியோவில் யாருமில்லை.
"அந்தக் காலத்தில் காதில் விழுந்ததை எழுதுவார்கள்,
கொஞ்சம் பொறுங்கள்" என்றேன்.
நாலாவது பதிவேட்டில் கிடந்தார்,
ரவுடி என்ற பெயரில்.

அவள் சிரித்தாள். பிறகு வாசித்தாள்.
வயது முப்பத்தெட்டு. நுரையீரல்.
தாய் பெயர்: தெரியாது.
தகவல் தந்தவர்: நோரா ஹானிஃபின், விடுதி நடத்துபவர்.
இறந்தவருக்கு உறவு: இல்லை.

அந்த 'இல்லை'யை மட்டும்
யாரோ பேனாவால் அடித்திருந்தார்கள்,
தாள் கிழியும் அளவுக்கு.
பக்கத்தில் வேறெதுவும் எழுதவில்லை.

முத்திரையிட்ட நகலை வாங்கிக்கொண்டு
கதவுவரை போனவள் திரும்பி வந்தாள்.
இன்னொரு படிவம்.
பெயர்: நோரா ஹானிஃபின்.
ஆண்டு: தெரியாது.
கூடுதல் கட்டணத்தைச் சில்லறையாக எண்ணி வைத்தாள்.

விண்ணப்பதாரரின் உறவு என்ற இடத்தில்
பேனா நின்றது.

"ஒரு கோடு போடுங்கள்" என்றேன்,
"போதும்."