பதினொன்று

லீபாயாவில் பனி கொட்டத் தொடங்கி மூன்றாவது வாரம்.
மாடிக் கணினிக்கும் கீழ்க் கணினிக்கும் நடுவே ஒரே கேபிள்.
நொடிக்குப் பதினொரு மெகாபைட்தான் நகர்கிறது;
நூறைத் தாண்ட வேண்டியது.

ஓயார்ஸ் ஸ்விட்சைத் திட்டினான்,
மாற்றினான். பதினொன்று.
ரவுட்டரை அணைத்துப் பத்து எண்ணி எழுப்பினான்.
பதினொன்று.

ஜின்த்ரா மண்டியிட்டு
கேபிளை விரலால் தடவிக்கொண்டே போனாள்,
பூனை பின்னால்.
கதவடியில் நசுங்கிக் கிடந்தது:
குளிருக்கு பயந்து அக்டோபரில் அறைந்து சாத்திய கதவு.
எட்டு இழையில் ஏதோ ஒன்று போயிருக்கும்.
மிச்சத்தை வைத்துக்கொண்டு
இரு முனையும் யாரிடமும் சொல்லாமல்
குறைந்த வேகத்துக்குச் சம்மதித்திருக்கின்றன.

புதுக் கேபிள். பச்சை விளக்கு.
நூற்றுப் பன்னிரண்டு.
ஆனால் இது தடிமன்; கதவு இனி மூடாது.

கோட்டு மாட்டிக்கொண்டு
படங்கள் பாய்வதைப் பார்க்கிறார்கள்.