பக்கம் 788

பெம்ப்ரோக்கில் பூச்சியத்துக்குக் கீழே இருபத்தாறு பாகை.
தபால்பெட்டிப் பூட்டை வாயால் ஊதி இளக்கித் திறந்தால்
ஓர் உறை. உள்ளே ஓர் இறுவட்டு.
ஆயிரத்து நூற்று நாற்பது பக்கம் நான்,
ஒரு அப்பளத்தின் அளவில்.

முதல்முறை திருப்பி அனுப்பியிருந்தார்கள்.
அந்தப் பெயரில் எவரும் படையிலேயே இருந்ததில்லையாம்.
சுகிர்தா இராசநாயகம் என்று பிறந்தேன்.
முகாமில் 'ராஸ்'. மருத்துவ அட்டையில் 'சுகிதா'.
சம்பளச் சீட்டில் 'ராஜநாயகன்', ஓரிடத்தில் 'திரு'.
சேவை எண்ணை மட்டும் எழுதி மறுபடி கேட்டேன்.
எண்ணுக்கு எழுத்துப்பிழை வராது.

கேட்டேன் என்றால்,
இடது காது கேட்காது, அதனால் கேட்டேன்.
ஆங்கிலப் படிவத்தில் இதை எழுத முடியவில்லை.
தமிழில் ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது,
கூலி கேட்காமல்.

என் மடிக்கணினியில் இறுவட்டு நுழைய வாய் இல்லை.
நூலகத்தில் ஜோசியான் மேசைக்கடியிலிருந்து
பழைய பெட்டியொன்றை எடுத்துத் துடைத்துத் தந்தாள்.
'வருஷத்துக்கு நாலு பேர் இதற்கென்றே வருவார்கள்,
எல்லாரும் பெட்டவாவா முகாம் ஆட்கள்.'
சொல்லும்போது என் வலது பக்கம் வந்து நின்றாள்.
நான் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

கோப்பில் என் பெயர் விண்ணப்பதாரர்.
விண்ணப்பதாரர் தான் தூங்குவதில்லை என்கிறார்.
விண்ணப்பதாரர் நேர்காணலின்போது சிரித்தார்.
சிரித்தேனா?
அந்த வைத்தியரின் காலுறையில் வாத்துப் படம் இருந்தது.
அதையும் எழுதியிருக்கலாம்.

பிறகு கறுப்புப் பட்டைகள்.
என் சார்ஜண்ட் ஒரு பட்டை.
புழுதிக்குள் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் ஒரு பட்டை,
மற்றதைவிட நீளம்.
நீளத்தை வைத்தே மக்கில்லிவ்ரே என்று கண்டுபிடித்தேன்.

பக்கம் 612, மறுப்புக் கடிதம்:
'சம்பவத்தன்று காது பற்றிய முறைப்பாடு ஏதும் பதிவாகவில்லை.'
பக்கம் 97, சம்பவத்தன்று, சாய்ந்த கையெழுத்தில்:
'இடது செவிப்பறை கிழிந்துள்ளது. இரத்தம். கேட்டால் பதில் இல்லை.'
ஒன்பது வருஷம் ஒரே கட்டடத்தில்
ஐநூற்றுப் பதினைந்து கதவு தள்ளிக் குடியிருந்திருக்கின்றன,
ஒன்றையொன்று நலம் விசாரிக்காமல்.

அழவில்லை.
காருக்குப் போய், சூடாக்கியை ஓடவிட்டு,
முட்டை வைத்த பணிஸ் ஒன்றை முழுதாகத் தின்றேன்.

திரும்பி வந்து 788.
அது நான் இல்லை.
பார்டி, ஹெட்லி. கான்டர், நியூஃபவுண்ட்லாந்து.
வண்டியின் பின்கதவிலிருந்து விழுந்தது, முழங்கால், சாட்சி இருவர்.
பெயரில் பட்டை இல்லை. பிறந்த தேதியும் திறந்தபடி.
என் தோழியை என்னிடமே மறைத்த அதே கை
முன்பின் தெரியாத ஒருவரின் முழங்காலை
என் மடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

'பதிவாகவில்லை' என்ற வரியை அவரும் வாசித்திருப்பார்.
பதிவாகியிருக்கிறது, ஹெட்லி.
என்னிடம் இருக்கிறது.

சட்டப்படி நான் அதைப் பார்த்திருக்கக் கூடாது.
சட்டப்படி திருப்பி அனுப்ப வேண்டும்,
என் பிரதியை அழித்து, அழித்தேன் என்று ஒப்பமிட வேண்டும்.
அனுப்பினால் அடுத்து யார் மடியில் போய் விழுமோ.

இங்கே இரவு பதினொன்று, அங்கே பன்னிரண்டரை.
அந்த அரைமணியை எதற்கு வைத்திருக்கிறார்களோ.
கான்டரில் பதினான்கு பார்டிகள்.
விடியட்டும் என்று காத்திருந்தேன்.

ஆறாவது எண்ணில் ஓர் ஆண் குரல்.
நாய் ஒன்று, தொலைக்காட்சி, சட்டியில் ஏதோ பொரிகிறது.
தொலைபேசியை வலது காதுக்கு மாற்றினேன்.
'உங்கள் முழங்கால் இப்போது எப்படி?'

சட்டியை இறக்கி வைத்திருக்க வேண்டும்.
கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை,
நல்ல காதிலும்.

பிறகு,
'யார் கேட்கிறது?' என்றார்.