இந்த வருஷம் பிஸ்தா

ஃபோனில் யாரோ இலையுதிர்காலம் என்கிறார்கள்.
பீடோங்கில் ரப்பர் இலை உதிர்த்தாலும்
அது தைப்பூசத்தை ஒட்டித்தான்.
செம்பனைக்கு வருஷம் முழுக்க ஒரே புடவை.
எங்களுக்கு இருப்பது இரண்டு பருவம்,
சம்பளத்துக்கு முன்னால், சம்பளத்துக்குப் பின்னால்.
நடுவில் தீபாவளி வந்துவிடும்,
கூடவே மழையும்.

போன வருஷம் கடுகு மஞ்சள்.
அதற்கு முந்தின வருஷம் எல்லாருக்கும் புஃப் கை வேண்டியிருந்தது,
கோவில் பாயில் இரண்டு பேர் இடத்தில்
ஒருத்திதான் உட்கார முடிந்தது.
இந்த வருஷம் பிஸ்தா பச்சை ஆர்கன்சா.
அறுபது புடவை இறக்கியிருக்கிறார் முதலாளி,
கடனுக்கு.

பதினோரு வருஷமாகச் சொல்வது,
நாக்கு தானாகவே சொல்லும்:
குள்ளமானவர்களுக்குச் சின்னக் கரை.
இடுப்பு அகலமா, மடிப்பை ஒடுக்கி எடுத்து
தொப்புளுக்கு இடப்பக்கம் செருகுங்கள்.
விறைத்து நிற்கும் துணிக்கு உள்பாவாடை
வழுவழுவென்று உடம்போடு ஒட்டட்டும்.
இஸ்திரிச் சூட்டைக் குறைத்து
மேலே ஒரு பழைய கைலி போட்டுத் தேய்த்தால்
மடிப்பு சொன்ன பேச்சு கேட்கும்.
பச்சையை டியூப்லைட்டில் பார்த்து வாங்காதீர்கள்,
கறுத்த கழுத்தைச் சாம்பலாக்கிவிடும்.
அஞ்சடிக்கு எடுத்துப் போய்ப் பகலில் பாருங்கள்.
ரவிக்கை மங்குஸ்தீன் தோல் நிறத்தில்,
முழங்கை வரை.

இதில் எதுவும் பொய் இல்லை.
கண்ணாடிதான் பொய்.
அடியில் மரக்கட்டை கொடுத்து
முதலாளி அதைச் சற்றே சாய்த்து வைத்திருக்கிறார்.
அதில் நான்கூட ஒல்லி.

புஷ்பலீலா வந்தது இருபத்தெட்டாம் தேதி காலை,
கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஜாகா முடித்து,
தோளில் கறுப்புப் பட்டை வைத்த வெள்ளைச் சட்டையோடு.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே
பொம்மை மேல் இருந்ததைக் காட்டினாள்.
நூற்றெண்பது வெள்ளி.
ஏற்கெனவே எண்ணி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள்.

நான் ஆரம்பித்தேன்.
இது கொஞ்சம் உப்பிக் காட்டும், அக்கா.
அதே நிறத்தில் கிரேப் இருக்கு,
உடம்போடு விழும்,
பத்துக் கிலோ குறைச்சுக் காட்டும்.

"எதுக்குக் குறைக்கணும்?"

கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.
"ராத்திரி மூணு மணிக்கு லோரிக்காரன் கேட்ல வந்து ஹாரன் அடிப்பான்.
நான் சின்னதாத் தெரிஞ்சா ஏத்திட்டுப் போயிடுவான்லா.
பன்னெண்டு வருஷமாப் பெரிசா நின்னு பழகிட்டேன்.
ஒரு நாள் புடவைக்காக
எதுக்கு உள்ள போகணும்?"

எனக்குப் பதில் வரவில்லை.
அவள் கண்ணாடி முன் போய் நின்றாள்,
இரண்டு நொடி பார்த்தாள்,
குனிந்து கட்டையை உருவி
கல்லா மேசையில் வைத்தாள்.
முதலாளி அப்போது பசியாறப் போயிருந்தார்.

மடிப்பை அகலமாக எடுத்தேன்.
முந்தானையை மடிக்காமல் ஒற்றையாக விட்டேன்.
கண்ணாடியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பச்சை.
"பின்னாடி நிக்குதா?"
நிக்குது அக்கா.
ரவிக்கைக்கு மட்டும் என் பேச்சைக் கேட்டாள்.

ஆர்கன்சா மழைக்கு ஆகாது,
பத்துக்குள் கோவில் போய்விடுங்கள் என்றும் சொல்லியிருந்தேன்.
தீபாவளியன்று எட்டரைக்கே ஜெராய் மலையைக் காணோம்.
மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன்,
எதிர் அஞ்சடியில் தூறலுக்கு ஒதுங்கிய கூட்டம்,
செய்தித்தாளைத் தலையில் பிடித்த பெண்கள்,
எந்தக் காடியும் நிற்பதாக இல்லை.

அவள் ரோட்டில் இறங்கி உள்ளங்கையை உயர்த்தினாள்.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று
முனகிக்கொண்டு நின்றது.
பிள்ளைகள் ஓடினார்கள்.
பட்டுப் பாவாடைகள், புது ஜிப்பாக்கள்,
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு சீனக் கிழவர்.
கடைசியில்தான் பிஸ்தா கடந்தது, அவசரமில்லாமல்,
பாதி நனைந்து, பாதி இன்னும் விறைத்து.

கரையைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.
அடியில் டியூட்டி பூட்ஸ்.
செருப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.