அரைப்பேர்

அஹ்மதியில் புல் பச்சையாக இருப்பது
வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம்.
எண்ணெய் எடுக்க வந்தவன்
முதலில் வேலி போட்டான், அப்புறம் வேலிக்குள் புல்.
மேட்டில் அதிகாரி, சரிவில் குமாஸ்தா,
புகை போகிற பக்கம் கூலி.
அவன் போய் எத்தனையோ வருஷம்.
வரைபடத்தை இன்னும் யாரும் மடித்துவைக்கவில்லை.

ஒன்பதாம் தெருவுக்குத் தண்ணீர் விடுகிறவன் நான்.
கடலைக் காய்ச்சி உப்பெடுத்த தண்ணீர்.
கேம்ப்பில் அதே தண்ணீர்
இரவு எட்டிலிருந்து எட்டரை வரை,
இருபத்திரண்டு பேருக்கு.

போன வருஷம்வரை சவரிமுத்து நோட்டில் டிக் அடிப்பார்.
கோத்தகிரிக்காரர், எங்கள் பக்கத்து ஆள்தான்.
இப்போது மெஷின்.
விரலை வைத்தேன், சிவப்பு.
துடைத்து வைத்தேன், சிவப்பு.
சுண்ணாம்பும் உரமும் தின்ற விரலில்
ரேகையைத் தேடிக்கொண்டே இருந்தது அது.
எலுமிச்சை தேய் என்றான் ஷஹீதுல்.
என் தலையில் எண்ணெய் இருக்கிறது, தொட்டுக்கொள்
என்று குனிந்து காட்டினான் டில் பகதூர்.
ஏழாவது தடவை பச்சை.
மணி ஐந்தே கால்.
அன்றைக்குப் பாதிச் சம்பளம்.

அரைப்பேர்.
அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் ஆட்கள்
கொழுந்து றாத்தல் குறைந்த நாளில் வாங்கிய சொல்.
காலையில் முழு ஆளாக மலையேறி
பாதி ஆளாக இறங்கினார்கள்.
அவர்கள் கடனுக்குத் துண்டு என்று பேர் இருந்தது.
ஏஜெண்டுக்கு நான் கட்டிய ஒன்றே முக்கால் லட்சத்துக்கு
இன்னும் பேர் வைக்கவில்லை.
மூன்று சிங்கம் போட்ட நீல அட்டையோடு
கம்பெனி பீரோவில் கிடக்கிறது அது.

அம்மா போனில் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை.
பேர் போட்டாங்களா என்பாள்.
போட்டாங்க என்பேன்.

அந்த மாதம் நாலு அரைப்பேர்.
ஐந்தாவது விழுந்த அன்று
பதினேழாம் நம்பர் வீட்டில்
பாதிப் புல்லுக்கு மட்டும் தண்ணீர் விட்டேன்.
மறுநாளும் பாதி. அதற்கு மறுநாளும்.
ஆகஸ்ட் வெயில் சொன்ன வேலையைச் செய்தது.
வாசலிலிருந்து மதில்வரை
தையல் போட்டமாதிரி ஒரு கோடு,
இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் வைக்கோல்.

வீட்டுக்கார இஞ்சினியர், ஹைதராபாத்காரர்,
போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினார்.
சவரிமுத்து வந்தார்.
திட்டுவார் என்று குழாயைக் கீழே வைத்தேன்.
கோட்டின்மேல் ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே
என்று கொஞ்ச நேரம் நின்றார்.
செருப்பு நுனியால் வைக்கோலைக் கிளறினார்.

“இதுல உன் பாதி எதுடா?”

எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை.
குழாயிலிருந்து தண்ணீர்
இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தது.