இரண்டு அங்குலச் சிவப்பு

ஏழு பெண்கள் சுருண்டு வந்தார்கள்
ஒரே பிளாஸ்டிக் குழாய்க்குள்,
கொழும்பு பஸ்ஸில், கியர் பெட்டிக்குப் பக்கத்தில்.

பழைய துரை பங்களா இப்போது ஹோட்டல்.
சாப்பாட்டு அறைச் சுவருக்குச் சிவப்பு வேண்டுமாம்,
பனி நாளில் விருந்தாளிகளுக்குக் குளிராமல் இருக்க.
"எல்லாம் ஐரோப்பாப் படம், கவனம்"
என்றார் நியாஸ் முதலாளி.
கண்ணாடி உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்.
படம் கிழிந்தால் எதில் பிடிப்பார் என்று
சொல்லவில்லை.

பண்டாரவளையில் நான்கு மணிக்கு மழை.
விரிய மறுத்த தாள்களின் மூலைகளில்
பசை டப்பா, சுத்தியல், என் சோற்றுப் பெட்டி,
சட்டம் போட்டும் யாரும் எடுக்க வராத
ஒரு கல்யாண ஜோடி.

முதலாமவள் கடிதம் வாசிக்கிறாள்.
தரையில் புரளும் பாவாடையில்
ஒரு லயத்துக்கே திரை தைக்கலாம்.
இரண்டாமவள் மடியில் நாய்,
காது மட்டும் உண்மையான நாய்.
மூன்றாமவள் அழுகிறாள் என்று நினைத்தேன்,
துணியால் ஒற்றினேன், தூசி.
நான்காமவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை.
ஐந்தும் ஆறும் அக்கா தங்கை.
இல்லை, ஒருத்தியையே இரண்டு தரம் வரைந்திருக்கிறார்கள்,
இரண்டாம் தரம் அவள் களைத்துப்போயிருக்கிறாள்.

எல்லோர் கையையும் பார்த்தேன்.
ஒன்றிலும் கறை இல்லை.

அம்மா சிவப்பு உடுத்தி மலைக்குப் போனதில்லை.
சிவப்புக்குக் குளவி வரும் என்பாள்.
கச்சான் அடித்த ஒருநாள்
பழுப்புச் சேலைக்கும் வந்தது.

குழாய்க்குள் ஒரு விளக்கத் தாளும் இருந்தது.
அந்தக் காலத்துச் சிவப்பைப் பூச்சியிலிருந்து எடுத்தார்களாம்.
கள்ளியில் ஒட்டும் பூச்சி,
காய்ந்து, மூட்டை மூட்டையாய்க் கப்பல் ஏறும்.
ஒரு பாவாடைக்கு எத்தனை ஆயிரம் என்று எழுதவில்லை.
யார் பொறுக்கினார்கள் என்றும்.

எனக்கும் அப்படி ஒரு பூச்சியைத் தெரியும்.
வெயில் மாதத்தில் தேயிலை செம்பு நிறமாகும்.
இலையைப் புரட்டிக் கட்டைவிரலால் தேய்த்தால்
நகத்தோரம் ஒரு கோடு.
பள்ளிக்கூடம் போகும் வழியில்
அதை எடுத்துப் பொட்டு வைத்திருக்கிறேன்,
இரண்டாம் பாடத்துக்குள் கறுத்துவிடும்.
அதை யாரும் கப்பலில் ஏற்றவில்லை.
மருந்துதான் அடித்தார்கள்.

ஏழாவது படம்
சட்டத்தைவிட இரண்டு அங்குலம் அகலம்.
"ஓரத்தில் வெட்டு" என்று சொல்லிவிட்டு
முதலாளி தேத்தண்ணி குடிக்கப் போனார்.

இடது ஓரத்தில் ஒருத்தி நின்றாள்.
அதுவரை நான் பார்த்திருக்கவில்லை.
தட்டு ஏந்திய கை, பாதி முகம்,
சுவரின் நிறத்திலேயே உடுப்பு.
வரைந்தவனுக்கு அவள் மேல்
சாயம் செலவழிக்க மனமில்லை,
ஆனால் கையை மட்டும் ஒழுங்காய்ப் பார்த்திருக்கிறான்.
கணு வீங்கிய விரல்கள்,
ஒரு நுனியில் துளி சிவப்பு.
அச்சுப் பிழையாகவும் இருக்கலாம்.

கத்தியை எடுத்துக்கொண்டு
மேசையைச் சுற்றி
வலது பக்கம் போனேன்.

மாட்டப் போனபோது மேனேஜர் கேட்டார்,
"அந்தம்மா நடுவில் இல்லையே?"
"ஐரோப்பாவில் அப்படித்தான் சேர்" என்றேன்.
தலையாட்டினார்.
பிறகு ஏணியைப் பிடித்துக்கொண்டார், அது நல்ல மனசு.

வெட்டிய பாவாடைக் கீற்றைக்
கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன்.
மலிவு அச்சில் சிவப்புத்தான் முதலில் போகும்.
எங்கள் ஜன்னலில் முருகனும் நீலம்,
மாதாவும் நீலம், போன தேர்தல் வேட்பாளரும் நீலம்.
இதற்கும் ஒரு வெயில் போதும்.

கல்யாண ஜோடியை எடுக்க இன்னும் யாரும் வரவில்லை.
ரசீதில், யோகமலர், பூனாகலை,
மீதி எழுநூறு ரூபாய்.
கூறை மங்காமல் இருக்கட்டும் என்று
படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.
மாப்பிள்ளையும் சேர்ந்துதான் சுவரைப் பார்க்கிறான்,
அதற்கு என்ன செய்ய.